தீ இல்லாத இரவுக்கு ராஸ்டர் கிடையாது: ராஸ்டீரியோவுடன் மூன்று சீசன்

போன வாரம் பழைய அலுவலக நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மச்சான், தேதி, நேரத்தோட இருக்கற வெக்டர் டேட்டாவை நாள்வாரியா ராஸ்டரா மாத்தணும். நீ ராஸ்டீரியோதானே வச்சிருக்க, நல்லாயிருக்கா?" வெக்டர் என்றால் புள்ளி, கோடு, பாலிகன் என்று உருவங்களாக இருக்கும் வரைபடத் தகவல். ராஸ்டர் என்றால் கட்டம் கட்டமாக எண் நிரம்பிய படம். ராஸ்டீரியோ, ராஸ்டர்களைக் கையாளும் பைத்தான் நூலகம்; முன்னதைப் பின்னதாக மாற்றவும் அதில் வழி உண்டு. சூப்பர் என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டேன். அன்று இரவே என் ஸ்கிரிப்ட் வழக்கமான இடத்தில் விழுந்தது. அதனால் பதிலை மாற்றி எழுதுகிறேன்.

என் டேட்டா, நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் கிடைக்கும் தீப்புள்ளிகள், அதாவது செயற்கைக்கோள் தீயைக் கண்ட இடங்கள். பஞ்சாபில் நெல் அறுத்த வயலில் அடிக்கட்டையை எரிக்கும் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதம், 61 நாள். சுவோமி என்பிபி, நோவா-20 இரண்டு செயற்கைக்கோள்களின் 375 மீட்டர் புள்ளிகளை 0.01 டிகிரி கட்டங்களில் போடுகிறேன். பகல் ஓர் அடுக்கு, இரவு ஓர் அடுக்கு, ஆக 122.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகத்தில் குறையே இல்லை. சீசன் முழுவதையும் ஓடவிட்டு டீ எடுத்துவரப் போனால், திரும்புவதற்குள் முடிந்திருக்கும். ஒரே கட்டத்தில் பல புள்ளி விழுந்தால் கூட்டு என்று சொல்லலாம், மாற்று என்று சொல்லலாம். மாற்று என்றால் பட்டியலில் கடைசியாக வருபவருக்கே இடம். இதில்தான் எனக்கு எதிர்பாராத சந்தோஷம். நேர வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் அந்தக் கட்டத்தில் கடைசியாகத் தீ தெரிந்த நேரம் கிடைக்கும். தலைகீழாக அடுக்கினால் முதலில் தெரிந்த நேரம். வரிசைப்படுத்தும் ஒரே ஒரு வரி கோட். ஆனால் முதல் சீசனில் இரண்டு கோள்களின் சிஎஸ்வி கோப்புகளையும் ஒட்டவைத்துவிட்டு அந்த வரியை மறந்துவிட்டேன். பின்னால் ஒட்டியது நோவா-20. இரண்டும் பார்த்த கட்டங்களில் எல்லாம் அதுவே ஜெயித்தது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். ராஸ்டீரியோவில் இந்த வேலையைச் செய்யும் ராஸ்டரைஸ் ஃபங்ஷனுக்கு நேரம் என்றால் என்னவென்றே தெரியாது. உருவமும் ஓர் எண்ணும் கொடுத்தால் ஒரு கட்டம் தரும், அவ்வளவுதான். நாள்வாரியாக வெட்டுவதும் அடுக்குவதும் நம் வேலை. அதுகூடப் பரவாயில்லை. ஆனால் தீயே இல்லாத ஓர் இரவைக் கொடுத்துப் பாருங்கள். பூஜ்யம் நிரம்பிய கட்டம் வருமா? வராது. ஏற்ற ஜியாமெட்ரி (உருவம்) எதுவும் இல்லை என்று வேல்யூ எரர் அடித்துப் படுத்துவிடும். எனக்கு அந்தப் பூஜ்யம்தானே வேண்டும்! தீ இல்லை என்பதும் ஒரு தகவல்தான். வானம் மேகமாக இருந்ததால் தெரியாமல் போயிருக்கலாம் என்பது வேறு வழக்கு, அதை இங்கே எடுக்கவில்லை.

எரர் வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்ததுக்குப் போ என்று ட்ரை போட்டு அதை விழுங்கியதுதான் நான் செய்த பெரிய தப்பு. 122 அடுக்கு வர வேண்டிய இடத்தில் ஏழு குறைந்தது. நானோ அக்டோபர் 1 முதல் வரிசையாகத் தேதி ஒட்டிக்கொண்டே போயிருந்தேன். நவம்பர் முழுக்கத் தேதி தள்ளிப்போய், பகலும் இரவும் இடம் மாறி நின்றன. கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. இப்போது ஓர் இஃப் வைத்து, புள்ளி இல்லையென்றால் நானே பூஜ்யக் கட்டம் செருகுகிறேன். போன வாரம் ஸ்கிரிப்டைத் திருத்தி எழுதியபோது அந்த இஃப் விட்டுப்போனது. மறுபடி விழுந்த கதை அதுதான்.

நேரத்தையே மதிப்பாக எழுத நினைப்பவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது. மெமரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று யுனிக்ஸ் நொடிகளை (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நொடிகள்) ஃப்ளோட்32 என்ற 32 பிட் தசம எண் வகையில் போட்டேன். ஃபர்ம்ஸ் தருவது நிமிடம் வரைக்கும்தான். ஆனால் 2023 நவம்பர் 5, 8:28 என்பது கட்டத்திலிருந்து திரும்ப வரும்போது 8:27:44 என்று வந்தது. அந்த 44 நொடி எங்கிருந்து முளைத்தது? 170 கோடியை நெருங்கும் எண்களில் ஃப்ளோட்32-ஆல் 128 நொடிப் படிகளாகத்தான் நிற்க முடியும். ராஸ்டீரியோ மேல் பழி போட முடியாது, கேட்டவன் நான். இப்போது அக்டோபர் 1 நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்று எண்ணி இன்ட்32 என்ற முழு எண் வகையில் வைக்கிறேன். அதைவிடச் சின்ன வகையான யூஇன்ட்16 போதாது: 61 நாளுக்கு 87,840 நிமிடம், அதுவோ 65,535-லேயே நின்றுவிடும்.

அப்புறம், ஃபர்ம்ஸ் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். இரவில் கோள் பஞ்சாபைக் கடப்பது நம் நேரப்படி இரண்டு மணிவாக்கில். யுடிசியில் அது முந்தைய நாள் இரவு எட்டரை. ஐந்தரை மணி நேரம் கூட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் 6ஆம் தேதித் தீ 5ஆம் தேதியில் போய் உட்காரும். பகல் சுற்று இரண்டு கணக்கிலும் ஒரே தேதியில் விழுவதால், பகல் படத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இது தெரியவே தெரியாது.

இவ்வளவு புகழ்ந்தபிறகும் நண்பனுக்கு நான் சொன்ன பதில்: வேண்டாம்டா. புள்ளிதான் என்றால், எத்தனை புள்ளி எந்தக் கட்டத்தில் என்று எண்ணித் தரும் ஹிஸ்டோகிராமே போதும், பைத்தானின் நம்பை நூலகத்தில் இருக்கிறது. நாள், அட்சம், தீர்க்கம் மூன்றுக்கும் எல்லைகளை முதலிலேயே கொடுத்துவிட்டால் வெறும் நாளுக்குப் பூஜ்யம் தானாக வந்து நிற்கும். வடக்கு மேலே வர ஒரு தடவை கவிழ்த்துக்கொள், அவ்வளவுதான். போன மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

"புள்ளி இல்ல மச்சான், ஒவ்வொரு வயலும் பாலிகன்" என்று பதில் வந்தது.

பாலிகனை ஹிஸ்டோகிராமில் போட முடியாது. சரி, ராஸ்டீரியோவே போட்டுக்கொள், ஆல் டச்டு என்ற ஆப்ஷனை ட்ரூ ஆக்கு, இல்லையென்றால் கட்டத்தின் மையத்தைத் தொடாத சின்ன வயல் எல்லாம் காணாமல் போகும் என்று எழுதி, என் ஸ்கிரிப்டையும் அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை இஃப் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான்.