பழைய மாதிரிப் புகையிரத விளக்கத் தாள்களை எங்கே ஏற்றி வைப்பது?

துண்டு துண்டாக வரும் பாகங்களைப் பொருத்திச் செய்யும் மாதிரிப் புகையிரதக் கிட்களோடு வந்த பொருத்து விளக்கத் தாள்கள் எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இலண்டனில் இருந்த பெரியப்பா பல ஆண்டுகளாகச் சேர்த்து ஊருக்குக் கொண்டுவந்தவை அவை. 1990 இல் வடக்குப் பாதையில் சேவை நின்றதிலிருந்து 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்து சேர்ந்தது வரை, இங்கு வளர்ந்த எங்களுக்குக் கண்முன் இருந்த புகையிரதம் அந்தக் கிட்கள்தான். கிட்களிற் பல உடைந்தும் தொலைந்தும் போய்விட்டன, தாள்கள் தப்பின. யாழ்ப்பாணத்து வெக்கையும் மாரிகால ஈரமும் கறையானும் அவற்றை இன்னும் எத்தனை காலத்துக்கு விட்டுவைக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அவற்றை ஸ்கான் செய்து பொதுவில் வைக்க முடிவு செய்து, பேஸ்புக் குழு, கூகுள் ட்ரைவ், சொந்த இணையத்தளம், இன்டர்நெட் ஆர்கைவ் (இணைய ஆவணக் காப்பகம்) என்னும் நான்கையும் எடைபோட்டுப் பார்த்தேன். தேர்ந்தது இன்டர்நெட் ஆர்கைவ். அதன் பக்கமே சாய்ந்து எழுதுகிறேன்.

இந்தத் தாள்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்களுக்குக் கிட்மாஸ்டரின் கதை போதும். ரோஸ்பட் என்ற பொம்மை நிறுவனம் 1959 இல் கிட்மாஸ்டர் என்ற பெயரில் பிளாஸ்ரிக் புகையிரத இயந்திரக் கிட்களை வெளியிடத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அச்சுகள் எயர்ஃபிக்ஸ் என்ற இன்னொரு கிட் நிறுவனத்தின் கைக்கு மாறின. அவற்றிற் பல பின்னர் டேபோல் என்ற நிறுவனத்திடம் சேர்ந்தன. ஒரே அச்சில் வார்த்த கிட் மூன்று பெயர்களில், மூன்று காலத்துத் தாள்களோடு உலவுகிறது. இன்று பழைய கிட்டை இரண்டாம் கையாக வாங்குபவருக்குப் பெட்டிக்குள் தாள் இருக்கும் என்ற உறுதி இல்லை. தாள் இல்லாத கிட்டில், எந்தத் தண்டு எந்தச் சில்லோடு எந்த வரிசையிற் சேர வேண்டும் என்பது ஊகமாகிவிடுகிறது.

பேஸ்புக், வட்ஸ்அப் குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள், கேட்டால் உடனே பதில் கிடைக்கும். ஆனால் படம் சுருங்கிப் போகிறது. எயர்ஃபிக்ஸின் ஈவினிங் ஸ்டார் தாளின் படமொன்று குழு வழியாக எனக்கு வந்தது. பத்து ஓட்டுச் சில்லுகள் கொண்ட இயந்திரம் அது. தண்டுகளும் இணைப்புகளும் நெருக்கமாக வரையப்பட்ட பகுதியில், பாக எண்களிலிருந்து புறப்படும் மெல்லிய கோடுகள் சாம்பல் நிறப் படலமாகக் கரைந்திருந்தன. 6 எது, 8 எது என்று பிரித்தறிய முடியவில்லை. விளக்கத் தாளின் உயிரே அந்தக் கோடுகளில் இருக்கிறது.

கூகுள் ட்ரைவில் இந்தக் குறை இல்லை. ஏற்றிய கோப்பு ஏற்றியபடியே இருக்கும். 15 ஜிபி வரை இலவசம். உள்ள சிக்கல், கோப்புறை முழுவதும் ஒரு தனி மனிதரின் கணக்கோடு கட்டப்பட்டிருப்பதுதான். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்கையும் அதிலுள்ளவற்றையும் நீக்கலாம் என்பது கூகுளின் இப்போதைய விதி.

என் தேர்வைத் தீர்மானித்தது இதுதான்: நான் பார்க்காமல் விட்ட பிறகு யார் பார்ப்பார்கள்? மாதிரிப் புகையிரதக்காரர்கள் இந்தக் கேள்விக்குப் பெரும் விலை கொடுத்திருக்கிறார்கள். 2017 இல் படங்களை ஏற்றிவைக்கும் தளமான போட்டோபக்கெட் தன் விதிகளை மாற்றி, வேறு தளங்களிற் படங்களைக் காட்டுவதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டொலர் கேட்டபோது, பல ஆண்டுகளாக எழுதப்பட்ட செய்முறைக் குறிப்புகளில் படம் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டங்களாயின. 2019 இன் இறுதியில் யாகூ குழுமங்களின் கோப்புகள் நீக்கப்பட்டன. முன்கூட்டியே எடுத்துப் பத்திரப்படுத்தாத குழுக்கள் தம் சேகரிப்பை இழந்தன. அவற்றை ஏற்றியவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். பராமரிப்பு தம் கையில் இல்லாத இடத்தில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சொந்தத் தளத்தில் பராமரிப்பு முழுவதும் நம் கையில் இருக்கிறது, அதுவே அதன் சுமையும். நான் நடத்தியதில்லை; கொக்குவிலில் ஒரு நண்பர் நடத்துவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், ஆகவே இதில் என் சொல்லை ஓரளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். தள முகவரிக்கும் இடவாடகைக்கும் ஆண்டுதோறும் டொலரில் கட்ட வேண்டும்; கடனட்டை காலாவதியானாலோ ரூபாயின் பெறுமதி சரிந்தாலோ ஒரு புதுப்பிப்பு தவறிவிடும், தவறினால் முகவரி வேறொருவர் கைக்குப் போகலாம். அடுக்கும் அழகும் தேடல் வசதியும் அங்கேதான் சிறப்பாக அமையும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நண்பருக்குப் பிறகு அதைத் தொடர ஆளில்லை.

இன்டர்நெட் ஆர்கைவ் 1996 இல் தொடங்கப்பட்ட, இலாப நோக்கற்ற நிறுவனம். மின்னஞ்சல் முகவரி ஒன்று இருந்தால் கணக்குத் திறந்து இலவசமாக ஏற்றலாம். ஒவ்வொரு தாளுக்கும் தனிப் பக்கமும் நிலையான முகவரியும் கிடைக்கின்றன. மூலக் கோப்பை எவரும் அப்படியே இறக்கிக்கொள்ளலாம். ஆங்கில எழுத்துகளை அதுவே வாசித்து, தேடக்கூடிய வடிவில் தருகிறது. நான் பணம் கட்ட மறந்தாலும், ஆர்வமே விட்டுப் போனாலும், தாள் அங்கே இருக்கும். பக்கத்தின் அடையாளப் பெயரைப் பின்னர் மாற்றுவது எளிதல்ல. எனவே நிறுவனம், கிட்டின் பெயர், ஆண்டு என்ற ஒழுங்கில் முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. விவரக் குறிப்பு எழுதும் முறையை நான் கற்றது நம் நூலகம் திட்டத்திடம். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிட்டு, ஆசிரியர், மொழி, ஆண்டு, பக்கங்கள் என்று அவர்கள் வகுத்திருக்கும் ஒழுங்கை இந்தத் தாள்களுக்கும் பின்பற்றினேன். அளவுத்திட்டத்தையும், அதாவது மாதிரி உண்மை இயந்திரத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பதையும், கட்டாயம் எழுதுங்கள். 1:76 கிட்டைத் தேடுபவருக்கு 1:87 தாள் உதவாது.

குறையில்லாத இடம் அதுவும் அன்று. 2024 ஒக்ரோபரில் தாக்குதலுக்கு உள்ளாகி, அந்தத் தளம் சில நாட்கள் முற்றாக முடங்கியது. பின்னரும் சில காலம் வாசிக்க மட்டுமே முடிந்தது. 1981 இல் பொது நூலகத்தின் 97,000 நூல்கள் ஒரே கட்டடத்தோடு எரிந்த ஊரில் இருந்துகொண்டு, ஒரே இடத்தை நம்பு என்று எவருக்கும் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் ஒவ்வொரு கோப்பின் பிரதியும் என்னிடம் ஒரு வன்தட்டிலும், ரொறன்ரோவில் தங்கையிடம் இன்னொன்றிலும் இருக்கிறது. குழுக்களில் படத்தைப் போடாமல் ஆர்கைவ் இணைப்பைப் போடுகிறேன். கேட்பவர்கள் இறக்கி வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் பிரதி ஒன்று கூடுகிறது.

ஸ்கானைப் பொறுத்தவரை, கோட்டுப் படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), சாம்பல் நிறத் தரம் என்று வைத்திருக்கிறேன். தனிக் கறுப்பு வெள்ளையில் மங்கிய கோடுகள் அறுந்துவிடும்.

பதிப்புரிமை பற்றி நான் சட்டம் படித்தவன் அல்லன். இங்கிலாந்தில் பதிப்புரிமை பொதுவாக ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிப்பதால், அறுபதுகளின் தாள் என்பதற்காக அது பொதுவுடைமை ஆகிவிடாது. உரிமையாளர் ஆட்சேபித்தால் ஆர்கைவ் பக்கத்தை மூடிவிடும். எயர்ஃபிக்ஸ் 2006 இல் ஹோர்ன்பி என்ற மாதிரிப் புகையிரத நிறுவனத்திடம் சேர்ந்து இன்றும் இயங்குகிறது. அவ்வாறு பெயர் இன்றும் சந்தையில் இருக்கும் நிறுவனங்களின் தாள்களை முதலில் ஏற்றவில்லை. நின்றுபோன, உரிமை யாரிடம் என்று தேடியும் தெரியாத நிறுவனங்களின் தாள்களிலிருந்து தொடங்கியிருக்கிறேன். மற்றவற்றுக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டும். அதுவரை அவை இரண்டு வன்தட்டுகளில் மட்டும் இருக்கும்.