மூச்சடக்க முடியாதவர்களுக்கு ஹார்ட் எம்ஆர்ஐ: ஜெயநகர் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர்

டாக்டர் ஹார்ட் எம்ஆர்ஐக்குச் சீட்டு எழுதிவிட்டார், ஆனால் படுக்கப்போகிறவருக்குப் பத்து விநாடி மூச்சடக்குவதே பெரும்பாடு என்றால் இதைப் படியுங்கள். பெங்களூரில் என் மாமனாருக்கு இரண்டு இடத்தில் எடுத்தாகிவிட்டது. இரண்டாவது இடம் நன்றாக இருந்தது. பெயர் போட்டால் விளம்பரம் என்பீர்கள், அதனால் இரண்டுக்குமே போடவில்லை. எங்கே போனாலும் என்ன கேட்கவேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

மாமனாருக்குப் பழைய அட்டாக், நடுநடுவே துடிப்பும் தவறும். எக்கோவில் ஈஎஃப் 35-ஐ ஒட்டி நின்றது. இடது கீழறை நிறைந்திருக்கும்போது உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதுதான் ஈஎஃப். 35 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் நெஞ்சுக்குள் ஐசிடி (துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைக்கும் பேச்சு வரும், அதனால் இரண்டு மூன்று புள்ளி அப்படி இப்படிப் போனாலே முடிவு மாறலாம். எம்ஆர்ஐ கேட்டது இதற்குத்தான்.

முதல் இடத்தில் 3 டெஸ்லா மெஷின் என்று வாசலிலேயே போர்டு (டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு). உள்ளே மூச்சு விடச் சொல்வது பதிவு செய்த ஆங்கிலக் குரல். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் மனிதர், அந்தக் குரலுக்கு அவர் ஒரு தடவை நெஞ்சு முட்ட இழுத்தார், ஒரு தடவை அரைகுறையாக, ஒரு தடவை நிறுத்தவே இல்லை. ரிப்போர்ட்டில் 'மூச்சு அசைவால் படத்தின் தரம் குறைவு, ஈஎஃப் தோராயமானது' என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பணம் மட்டும் தோராயமாக வாங்கவில்லை.

இதில் மூச்சு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வழக்கமான முறையில் ஒரே துடிப்பில் முழுப்படம் வராது. பல துடிப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஈசிஜியைப் பார்த்து எந்தத் துண்டு எந்தக் கட்டம் என்று பொருத்தித்தான் ஓடும் படமாக்குகிறார்கள். துடிப்பு தவறினால் துண்டுகள் பொருந்தாது, சுவரின் ஓரம் மங்கிவிடும். அதோடு இதயத்தை வாழைத்தண்டு மாதிரி வட்டம் வட்டமாக, சுமார் 8 மில்லிமீட்டர் தடிமனில், மேலிருந்து கீழ்வரை எடுத்து ஒவ்வொரு வட்டத்தின் கொள்ளளவையும் கூட்டுகிறார்கள். ஒரு வட்டத்துக்கு ஆழமாகவும் அடுத்ததற்கு மேலோட்டமாகவும் மூச்சு பிடித்தால் இதயம் மேலும் கீழும் நகர்ந்திருக்கும், ஒரே இடம் இரண்டு தடவை வரும், இன்னொரு இடம் விட்டே போகும். கூட்டல் சரியாக இருந்தும் விடை தப்பு.

இரண்டாவது சென்டரில் மெஷின் 1.5 டெஸ்லாதான். இதயத்துக்கு அதுவே தாராளம், 3-ல் காந்தப்புலம் சீராக இல்லாமல் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும் தொல்லை அதிகம். டெக்னீஷியன் ஓசூர்க்காரர். மெஷினுக்குள் அனுப்புவதற்கு முன்பே, "ஐயா, மூச்சை முழுசா விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க" என்று வெளியிலேயே பழக்கினார். இழுத்துப் பிடிப்பதைவிட விட்டுப் பிடித்தால் இதயம் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து நிற்குமாம். ஈசிஜி ஒட்டுமிடத்தில் முடியை மழித்து, தோலை நன்றாகத் துடைத்தார். காந்தத்துக்குள் ஓடும் ரத்தமே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி ஈசிஜியைக் கெடுக்கும், அதனால் அங்கே சோம்பல் கூடாது.

பாதியில் மாமனாருக்கு மூச்சு வாங்கியது. உடனே சாதாரணமாக மூச்சு விட்டபடியே எடுக்கும் ரியல்டைம் முறைக்கு மாறிவிட்டார்கள். இதில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே வீச்சில் வரும், குறைந்த தகவலிலிருந்து கணினி முழுப்படத்தைக் கட்டும். படம் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், இதயம் முழுதாகச் சுருங்கும் அந்தக் கணம் நழுவினால் ஈஎஃப் சற்றுக் குறைவாகக் காட்டவும் கூடும். இதை ரேடியாலஜிஸ்ட் தானாகவே சொன்னார், எனக்கு அது பிடித்தது.

அசைவைச் சரிசெய்யும் மென்பொருள் இருக்கிறதே என்று கேட்டேன். இருக்கிறது, அட்டாக்கால் இதயச் சதையில் விழுந்த தழும்பைப் பார்க்கும் படங்களில் பயன்படுத்தவும் செய்தார்கள். படத்தின் தளத்துக்குள்ளேயே நகர்ந்ததை இழுத்துப் பொருத்திவிடும். ஆனால் இதயம் அந்த வட்டத்தை விட்டே நழுவிப் போயிருந்தால், படத்தில் விழாத சதையை எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது. "எங்களிடம் ஏஐ இருக்கிறது, எப்படிப் படுத்தாலும் சரி" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

ஈஎஃப் 39 வந்தது. வித்தியாசம் முழுக்க அசைவால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் கார்டியாலஜிஸ்ட் இந்த எண்ணைத்தான் எடுத்துக்கொண்டார். ஐசிடி பேச்சு தள்ளிப்போயிருக்கிறது, மருந்து கூடியிருக்கிறது.

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். வண்டி நிறுத்த இடமே இல்லை, கிரீன் லைன் மெட்ரோவில் போவது உத்தமம். கட்டணம் முதல் இடத்தைவிடச் சற்று அதிகம். கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் மருந்து) போடுவார்கள் என்றால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அதற்கும் தனியாகக் காக்கவைப்பார்கள். அப்புறம், பிரிண்ட் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஓடும் படங்களோடு சிடி கேளுங்கள், கேட்டால்தான் தருகிறார்கள்.