ரெடிமேட் எல்சி செல்: கோட்டிங் சூப்பர், அம்புக்குறியைத்தான் காணோம்

ரொம்ப நாளா எல்சி செல் (ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல லிக்விட் கிரிஸ்டலை நிரப்பற மெல்லிசு கூடு) எல்லாம் கையாலதான் பண்ணிட்டு இருந்தேன். கண்ணாடியை கழுவி, பிவிஏங்கற பாலிமரை தண்ணில கரைச்சு கண்ணாடி மேல ஸ்பின் பண்ணி, காய வச்சு, மாலிக்யூல் ஒரே திசைல படுக்கறதுக்காக வெல்வெட் துணியால ஒரே பக்கமா தேய்ச்சு, இடைவெளிக்கு ஸ்பேசர் வச்சு ஒட்டி முடிக்கறதுக்குள்ள பாதி நாள் போயிடும், அதுலயும் பத்துக்கு நாலு தேறினா அதிர்ஷ்டம். அலுத்துப்போய் இந்த தடவை பாலிஇமைடுங்கற பாலிமரை பூசி, தேய்ச்சே (ரப் பண்ணியே) வர்ற காலி செல் ஒரு பாக்கெட் வாங்கினேன். 5 மைக்ரான் கேப், ஆன்டிபேரலல் (ரெண்டு கண்ணாடியோட தேய்ச்ச திசையும் எதிரெதிரா இருக்கும்).

5சிபிங்கற லிக்விட் கிரிஸ்டலை 40 டிகிரிக்கு சூடாக்கிதான் நிரப்பினேன். 35க்கு கீழ நெமாட்டிக்கா (மாலிக்யூல் எல்லாம் ஒரே வாக்குல இருக்கற நிலை) இருக்கும்போதே விட்டா அது ஓடின திசையும் சுவத்துல பதிஞ்சுடும், அப்புறம் கோட்டிங்கை குறை சொல்லி புண்ணியமில்ல. மெதுவா ஆற வச்சு கிராஸ்டு போலரைசர் (ஒண்ணுக்கொண்ணு குறுக்கா வச்ச ரெண்டு ஒளி வடிகட்டி) நடுவுல வச்சு சுத்திப் பாத்தா, 90 டிகிரிக்கு ஒருதரம் இருட்டுன்னா அப்படி ஒரு இருட்டு, 45ல ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஒரே கலர். என் கைவேலைல இந்த இடத்துல கோடு கோடா, நூல் நூலா தெரியும்.

இத்தனைக்கும் அந்த பாலிஇமைடு லேயர் 100 நானோமீட்டர் இருந்தா பெருசு. துணி போடற கீறல்ல மாலிக்யூல் வரிசையா உக்காருதுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன், பெரெமன்ங்கற ஆராய்ச்சியாளர் 1972ல பள்ளத்தை வச்சு ஒரு கணக்கும் போட்டார். ஆனா பாலிஸ்டைரீனை தேய்ச்சா லிக்விட் கிரிஸ்டல் தேய்ச்ச திசைக்கு குறுக்கால படுக்குது! கீறல் மட்டும்தான் காரணம்னா அது எப்படி? தேய்க்கறப்ப மேல்பரப்புல பாலிமர் சங்கிலி எந்தப் பக்கம் திரும்புதோ, அதுதான் பெரும்பாலும் வழி காட்டுது.

இப்ப கடுப்புக்கு வருவோம். பாதி செல்லுல ரப்பிங் திசைக்கு அம்புக்குறியே இல்ல. இருட்டாகுற நிலையை மட்டும் வச்சு மாலிக்யூல் நீளவாக்குல படுத்திருக்கா குறுக்கால படுத்திருக்கான்னு சொல்லவே முடியாது, ரெண்டுக்கும் ஒரே இருட்டுதான். கடைசில டைக்ரோயிக் சாயம் (ஒளி அதிர்ற திசையைப் பொறுத்து கூடவோ குறையவோ உறிஞ்சற சாயம்) துளி கலந்து ஒத்தை போலரைசர்ல பாத்து கண்டுபிடிச்சேன். பிரீடில்ட், அதாவது மாலிக்யூல் சுவத்துல இருந்து லேசா தூக்கி நிக்கற சாய்வு, எந்தப் பக்கம் தூக்குதுங்கறது அதுலயும் தெரியாது, சின்ன வோல்டேஜ் குடுத்து செல்லை அப்படி இப்படி சாய்ச்சுப் பாக்கணும். ஒரு அம்பு வரைய எவ்வளவு நேரம் ஆகும்யா?

கூடவே நிமிர்ந்து நிக்க வைக்கற ஹோமியோட்ரோபிக் வகையும் கொஞ்சம் எடுத்தேன். அதுல பாலிஇமைடுக்கு நீட்டமா சைடு செயின் இருக்கும், எப்படி சுத்தினாலும் இருட்டு, விரலால அழுத்தினா மட்டும் பளிச்னு மின்னும். ரெண்டு செல்லுல பசை ஓரமா வெள்ளைத் திட்டு இருந்துச்சு, மத்தது சுத்தம்.

5க்கு 4 குடுப்பேன். கழுவி திரும்ப யூஸ் பண்ணலாம்னு மட்டும் ஆசைப்படாதீங்க, அசிட்டோன்ல அலசி ரெண்டாம் தடவை நிரப்பினேன், பழைய திட்டு அப்படியே அதே இடத்துல எட்டிப் பாக்குது.