பம்புசெட்டுக் கொட்டகையில் சிக்னல் பார்க்க நெட்மான்ஸ்டர் செயலி: எங்கே உதவும், எங்கே ஏமாற்றும்

போனிலிருந்தே பம்பு மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும், சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் வாங்குகிறவர்கள் விலையை நாலு கடையில் விசாரிப்பார்கள். கொட்டகையில் சிக்னல் இருக்கிறதா என்பதை மட்டும் போனில் தெரியும் கோடுகளை எண்ணி முடிவு செய்துவிடுவார்கள். அந்தக் கோடுகளுக்குப் பொது அளவு கிடையாது. ஒரே வரப்பில் நின்றால் ஒரு போன் இரண்டு காட்டும், இன்னொன்று நான்கு காட்டும். நெட்மான்ஸ்டர் என்ற இலவச ஆண்ட்ராய்டு செயலி டிபிஎம் என்ற சிக்னல் அளவில் எண்ணையே காட்டுகிறது. அது மைனஸ் எண்ணாக வரும், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. இந்த வேலைக்கு இது தாராளம்.

லொகேஷன் அனுமதி கொடுத்து, போனில் லொகேஷனையும் ஆன் செய்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் டவர் விவரம் வராது. ஐபோன்காரர்களுக்கு இந்தச் செயலி இல்லை.

ஸ்டார்ட்டரில் போடப்போகும் சிம்மையே போனில் போட்டுப் பாருங்கள். 4ஜி என்றால் ஆர்எஸ்ஆர்பி (டவர் சிக்னலின் பலம்) மைனஸ் 100 வரை கவலையில்லை. மைனஸ் 110ஐத் தாண்டி இன்னும் கீழே போனால் வெளி ஆண்டெனா இல்லாமல் நம்ப முடியாது. 3 டிபி (டெசிபல்) குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. பலரும் பார்க்காமல் விடுவது எஸ்என்ஆர், அதாவது இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்ற அளவு. காவிரி டெல்டா தட்டை பூமி, மறைக்க மேடு இல்லை. தூரத்து டவர்களும் வந்து ஒன்றோடொன்று மோதும். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 85 இருந்தும் எஸ்என்ஆர் பூஜ்யத்துக்குக் கீழே போனால் மோட்டார் கட்டளை தடுமாறும்.

பழைய ஸ்டார்ட்டர்கள் 2ஜியில் ஓடுபவை. போனை ‘2ஜி மட்டும்’ என்று மாற்றாமல் அளந்தால் 4ஜி எண்ணைப் பார்த்து ஏமாறுவீர்கள். செட்டிங்கில் அது இல்லையென்றால், பல போன்களில் *#*#4636#*#* அழுத்தினால் கிடைக்கும். ஜியோவில் 2ஜியே கிடையாது, அந்த சிம் இதற்கு ஆகாது. 2ஜியில் மைனஸ் 95ஐவிட மோசமாகக் கூடாது. ஸ்டார்ட்டரே 0 முதல் 31 வரை சிக்னல் எண் சொன்னால், இரண்டால் பெருக்கி 113ஐக் கழியுங்கள்: 14 என்றால் மைனஸ் 85. 99 வந்தால் அளக்கவே முடியவில்லை என்று பொருள்.

செயலியின் குறை ஒன்று உண்டு: எண் குதித்துக்கொண்டே இருக்கும். 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 33 சென்டிமீட்டர்தான். ஒரு சாண் நகர்ந்தாலே அளவு மாறும். ஆண்டெனா நிற்கப்போகும் உயரத்தில் போனைப் பிடித்து, இரண்டு நிமிடம் பார்த்து, அடிக்கடி வரும் எண்ணை எடுங்கள். கையில் வந்த எண் ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்குள் வராது என்பதும் நினைவிருக்கட்டும். ஆண்டெனாவைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தே ஆகவேண்டும். அதற்காக 10 மீட்டர் ஆர்ஜி58 என்ற ஆண்டெனா கேபிள் இழுத்தால் 900 மெகாஹெர்ட்ஸில் சுமார் 5 டிபி அதிலேயே போய்விடும், 1800இல் இன்னும் கூடுதல். கேபிள் 3 மீட்டருக்குள் இருக்கட்டும். சிக்னல் பூஸ்டர் விற்க வருவார்கள். உரிமமில்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம்.

மேட்டூர் திறப்பதற்கு முன், குறுவை நாற்றங்காலுக்குப் பம்பை நம்பும் கோடையில் எடுத்த அளவு ஐப்பசிக்குப் பொருந்தாது. நனைந்த தென்னை மட்டையும் மூங்கில் குத்தும் அலையைக் குடிக்கும். அடைமழையில் இன்னொரு முறை அளந்து, அப்போதும் வரம்புக்குள் நின்றால் ஆண்டெனாவை அந்த இடத்திலேயே முடுக்கிவிடலாம்.