மெரினோ கம்பளி உள்ளாடை: ஹெல்சிங்கியில் 12 நாள்

பாம்பனில் பிறந்து வளர்ந்த எனக்குக் குளிர் என்பது, மார்கழி விடியலில் வாடைக்காற்று வீசும்போது தலையில் துண்டைக் கட்டிக்கொள்வதோடு தீர்ந்துவிடும் சங்கதி. கப்பல் எஞ்சின் பராமரிப்புப் பயிற்சிக்காகக் கடந்த ஜனவரியில் 12 நாள் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கி செல்ல வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னபோது, நானும் எல்லோரையும் போலக் கனமான ஜாக்கெட்டைத் தேடித்தான் முதலில் அலைந்தேன். இராமநாதபுரத்தில் ஒரு கடையில் 4,800 ரூபாய்க்கு அது கிடைத்தது. உள்ளே அணிய, மெரினோ என்னும் செம்மறியாட்டு இனத்தின் மெல்லிய கம்பளியில் மேலும் கீழுமாக ஒரு ஜோடியை இணையத்தில் 6,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வெளியே தெரியாத துணிக்கு இவ்வளவா என்று அம்மா கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

முதல் இரண்டு நாள் அந்தத் துணியின் அருமை எனக்குத் தெரியவில்லை. காரணம், வழக்கம்போலப் பருத்தி பனியனைப் போட்டு அதன்மேல் கம்பளியை அணிந்ததுதான். வெளியே மைனஸ் 14 டிகிரி, பயிற்சிக்கூடத்துக்குள் 21 டிகிரி; உள்ளே வேலை செய்ததில் வியர்த்து ஊறிய பனியன், மாலையில் டிராம் நிறுத்தத்தில் நின்ற பத்து நிமிடத்தில் ஈரச்சாக்கைப் போல முதுகோடு ஒட்டிக்கொண்டது. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி இழையோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்ததுபோல இருக்காது. மூன்றாம் நாள் பனியனைக் கழற்றிப் பெட்டியில் போட்டபின் அந்த நடுக்கம் நின்றது.

நான்காம் நாள் ஜாக்கெட்டின் ஜிப் பல்விட்டுப் பிளந்துகொண்டது. ஊக்கு குத்திச் சமாளித்தேன். அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

உள்ளாடைக்கு உண்மையான சோதனை ஞாயிற்றுக்கிழமை வந்தது. துறைமுகச் சந்தைத் திடலிலிருந்து சுவோமென்லின்னா கோட்டைத் தீவுக்குச் செல்லும் படகில், உள்ளே உட்காராமல் வேண்டுமென்றே மேல்தளத்தில் நின்றேன். கடல் உறைந்திருந்தது. நம் தென்கடலில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். அங்கே ஐந்தாறு கிராம்தான் என்பதால் கிட்டத்தட்டக் குளத்து நீரைப் போலவே அது உறைந்துவிடுகிறது. படகின் முன்முனையான அணியம் மோதி உடைத்த பனிப்பாளங்கள், ஓட்டுவீட்டுக் கூரையைப் பிரித்துப் போடுவது போன்ற சத்தத்தோடு படகின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போயின. அந்தக் கால் மணி நேரத்தில் மார்பும் முதுகும் கதகதப்பாகவே இருந்தன, ஆனால் கம்பளிக்கு மேல் வெறும் ஜீன்ஸ் மட்டுமே இருந்த முழங்கால் மரத்துப்போனது. காற்றைத் தடுப்பது இந்தத் துணியின் வேலையன்று. மேலே காற்றுப் புகாத உடை இல்லாவிட்டால் இதன் பயன் பாதிதான்.

முதல் ஒரு மணி நேரம் லேசாக அரிக்கும். அதைவிட, சூடேற்றிய அறைகளின் வறண்ட காற்றில் முழங்காலுக்குக் கீழே தோல் வெடித்ததுதான் பெருந்தொல்லையாக இருந்தது. அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய், 24 டிகிரிக்குக் கீழே உறையும் பொருள் என்பதால், அறைக்குள்ளேயே வெள்ளைக் கட்டியாகிக் கிடந்தது. அதைச் சூடேற்றியின் மேல் வைத்து உருக்கிக் காலில் தேய்த்து, நன்றாக ஊறிய பிறகே கீழாடையை அணிந்தேன். அவசரப்பட்ட ஒரு நாளின் எண்ணெய்க்கறை இன்னும் போகவில்லை.

நான்கு நாள் தொடர்ந்து போட்டும் வாடை எழவில்லை. இரவில் ஷாம்பு கலந்த நீரில் அலசி, முறுக்காமல் துவாலையில் சுருட்டி அழுத்தி, விரித்துப் போட்டால் காலை 9 மணிக்கு மெல்ல விடியும்போது உலர்ந்திருக்கும். ஆகவே ஒரு ஜோடியே போதுமானதாக இருந்தது. பாம்பனின் உப்புக்காற்றில் அதே துணி காய இரண்டு நாள் பிடித்தது.

குறைகளும் உண்டு. சட்டை அளவை வைத்து 'எம்' வாங்கியதால் கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. கையுறைக்கும் அதற்கும் இடையே இரண்டு விரற்கடை அளவு தோல் தினமும் விறைத்தது. கீழாடையின் தொடைத் தையலில் ஒன்பதாம் நாளே சிறு ஓட்டை விழுந்தது, இந்த விலைக்கு இது அநியாயம். இப்போது துவைத்து, காய்ந்த வேப்பிலையோடு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கம்பளியைப் பூச்சி அரிக்கும். மார்ச்சில் மறுபடியும் போகச் சொல்லியிருக்கிறார்கள். மேலாடையை மட்டும் 'எல்' அளவில் இன்னொன்று வாங்குவேன், ஓட்டையை அக்கா தைத்துக்கொடுத்துவிட்டார்.