ஆர்எக்ஸ் 100 ரீட் வால்வு: 14 வருஷ அனுபவம்

என் யமஹா ஆர்எக்ஸ் 100 1994 மாடல். 2010-ல் சேலத்தில் மூன்றாவது ஆளாக வாங்கியது, அதற்கப்புறம் என் கையில் மட்டும் 60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. சைலன்ஸர் சத்தம், பிக்கப் பற்றியெல்லாம் எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் சொல்லப்போவது கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒளிந்திருந்து, பெட்ரோல் கலவையை உள்ளே விட்டு, திரும்பி வராமல் தடுக்கும், லேசில் யாரும் கழற்றிப் பார்க்காத ரீட் வால்வைப் பற்றி.

2016 வாக்கில் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. 2 உதையில் ஸ்டார்ட் ஆனது 10 உதை கேட்டது. ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் செகண்ட் கியரில் திரும்பி ஆக்சிலரேட்டரை முறுக்கினால் ஒரு கணம் மூச்சு வாங்கிவிட்டு அப்புறம்தான் இழுக்கும். ஆனால் மேல் வேகத்தில் குறையே தெரியாது, அதுதான் எங்களை ஏமாற்றியது. கார்ப்பரேட்டர் கிளீன் செய்தோம், ஜெட் மாற்றினோம், பிளக் மாற்றினோம், கடைசியில் மெக்கானிக் தம்பி "போர் போட்டுடலாம்ண்ணா" (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடுவது) என்றான், நானும் தலையாட்டப் பார்த்தேன். காட்டிக்கொடுத்தது ஏர் ஃபில்டர். பெட்ரோலும் ஆயிலும் கலந்து சொதசொதவென்று நனைந்திருந்தது. உள்ளே போக வேண்டியது வெளியே வருகிறது என்றால் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்தக் கதவுதான் ரீட் வால்வு. கூடாரம் மாதிரி ஓர் அலுமினியக் கூடு, அதன் சரிவுகளில் ஒரு முனை மட்டும் ஸ்க்ரூவில் பிடித்த மெல்லிய எஃகுத் தகடுகள். ஹார்மோனியத்துக்குள் இருக்கும் ரீட் பார்த்திருந்தால் உடனே புரியும். பிஸ்டன் மேலே போகும்போது அதற்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் என்ற அறையில் உறிஞ்சல் உண்டாகி தகடு வளைந்து திறக்கும். கீழே வரும்போது அழுத்தம் ஏறி தானே மூடிக்கொள்ளும். பழைய யெஸ்டி பைக்கில் இந்த வேலையை பிஸ்டனின் பாவாடையே, அதாவது அதன் அடிப்பக்கச் சுவரே, செய்யும், திறக்கும் நேரமும் மூடும் நேரமும் மாறாது, அதனால் மெதுவாகப் போகும்போது கலவை கொஞ்சம் திரும்பி வரும். ரீட் அப்படியில்லை, அழுத்தத்தைப் பார்த்து நடந்துகொள்ளும். குறைந்த வேகத்திலும் ஆர்எக்ஸ் நன்றாக இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 7,500 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 125 தடவை வளைந்து நிமிர்கிற தகடு எத்தனை நாள் தாங்கும்?

கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். ஒரு தகட்டின் மூலை உடைந்திருந்தது, இன்னொன்று நுனியில் தூக்கிக்கொண்டு கோடு போட்டாற்போல் வெளிச்சம் காட்டியது. உடைந்த துண்டு எங்கே போனதோ, என் நல்ல நேரம், சிலிண்டரில் கீறல் இல்லை. தகட்டுக்கு மேலே அது எவ்வளவு வளையலாம் என்று தடுக்கும் ஸ்டாப்பர் ஒன்று இருக்கும், அதை எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ பிக்கப்புக்காக நிமிர்த்தி விட்டிருக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தகடு அளவுக்கு மீறி வளைந்து சீக்கிரமே விரிசல் விடும்.

முதலில் விலை குறைவாகக் கிடைத்த டூப்ளிகேட் தகடு போட்டேன், மூன்றே மாதத்தில் விரிசல். அப்புறம் ஃபைபர். லேசானது, ரெஸ்பான்ஸ் அருமை, உடைந்து உள்ளே போனாலும் எஃகு அளவுக்குச் சேதம் செய்யாது. ஆனால் 9,000 கிலோமீட்டரில் ஓரம் பிரஷ் மாதிரி நார் நாராகப் பிரிந்து மறுபடியும் அதே பத்து உதை. ரேஸ் ஓட்டுகிறவர்களுக்குச் சரி, தினம் ஆபீஸ் போகிற எனக்கு ஒரிஜினல் எஃகுதான். மாற்றும்போது தகடு வந்து உட்காரும் ரப்பர் பூச்சையும் பாருங்கள், அதில் பள்ளம் விழுந்திருந்தால் புதுத் தகடு போட்டும் பிரயோஜனமில்லை, கூட்டோடு மாற்ற வேண்டியதுதான். ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு லாக்டைட் (கழலாமல் பிடிக்கும் பசை) அவசியம், கழன்று விழுந்தால் நேரே கிராங்க் கேஸுக்குள்தான் போகும். ஆனால் ரொம்ப முறுக்கினால் அலுமினிய மரை வழுக்கிவிடும், எனக்கு ஒன்று வழுக்கியது.

இப்போது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கிறேன், அரை மணி நேர வேலை. போன மாதம் பார்த்தபோது ஒரு தகட்டின் அடியில் முடி மாதிரி விரிசல். வண்டி இன்னும் 2 உதையில்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஆனாலும் புது செட் வாங்கி வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும்.