தச்சர் மேசையா, தகரக் கொட்டகையா?

போர்க்காலத்தில் அந்நிய மண்ணில் சிப்பாய்களுக்காக எழுந்த ஜெபக்கூடங்களில் இரண்டு இன்றும் அப்படியே நிற்கின்றன. ஒன்று பெல்ஜியத்தின் பொப்பரிங்க ஊரில், டால்பட் ஹவுஸின் கூரைக்குக் கீழுள்ள பரண். 1915 டிசம்பரில் பாதிரியார் பிலிப் கிளேட்டன் திறந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் ஓய்வில்லம் அது. தோட்டத்தில் கிடந்த தச்சர் மேசைதான் பலிபீடம். போர்முனையான ஈப்ர் பக்கத்தில்தான். செங்குத்தான படியேறி ஜெபித்துவிட்டு இறங்கிய பலர் திரும்பி வரவில்லை.

மற்றது ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் உள்ளது. இதைக் கட்டியவர்கள் கைதிகள்! வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டு, கடலுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பக் கொண்டுவரப்பட்ட இத்தாலியர்கள். 1943-இல் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு தகரக் கொட்டகைகள்தான். அவற்றை ஒட்டவைத்து, உள்ளே அட்டைச் சுவரில் செங்கல்லும் கல்வேலைப்பாடும் இருப்பதுபோலவே வரைந்துவிட்டார் அவர்களில் ஒருவரான டொமெனிகோ கியோகெட்டி. கிட்டே போய்த் தொட்டால்தான் ஏமாந்தது தெரியும். விளக்குகள் மாட்டிறைச்சி டின்னில் வெட்டியவை. மற்றவர்கள் தீவை விட்டுப் போனபோதும், வேலை முடியவில்லை என்று இவர் தங்கிவிட்டார். 1960-இல் திரும்பி வந்து பழுதும் பார்த்தார்.

அழகு என்றால் ஆர்க்னிதான், சந்தேகமே இல்லை. ஆனால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார ஓர் இடம் கேட்டால், நான் அந்தப் பரணுக்குத்தான் ஏறுவேன்.